அப்படி ஒரு ஆள் இல்லை

பையை மடியில வச்சுக்கோம்மா, மேல வைக்காத. மேல வச்சா கண்ணும் மேலயே இருக்கணும், கழுத்துதான் வலிக்கும். பின்னாடி சீட்டுல நீலச் சட்டை போட்டுக்கிட்டு ஒருத்தன் தூங்குதான் பாரு, அவன் தூங்கல. தூங்குதவன் வாய் இப்பிடி அழகா மூடியா இருக்கும்? திருநெல்வேலியில ஏறுனதுல இருந்து பாக்கேன், கண்ணைத் தொறக்கவே இல்ல. அதான் சந்தேகமே.

நீ எங்க இறங்கணும்? நாகர்கோவில் வடசேரியா? நல்லதாப் போச்சு, நானும் அங்கனதான். தனியாவா வார? வீட்டுக்காரர் என்ன பண்ணுதாரு? சரி, சொல்ல வேண்டாம்னா விடு. கேட்டுக் கேட்டே பழகிட்டு எனக்கு. அதான் என் வேலையே.

தென்காசியில எங்க சங்கத்துக்கு ஒரு கல்யாணத் தகவல் மையம் இருக்கு. அங்க போயி விசாரணை உலகம்மாள்னு கேட்டுப் பாரு. மாப்பிள்ளை வீடு எப்பிடி, பொண்ணு வீடு எப்பிடி, குடிக்கானா, கடன் இருக்கா, எல்லாம் நான் போய் விசாரிச்சு சொன்னாத்தான் மேற்கொண்டு பேச்சே. எங்க வீட்டுக்காரர் சிவனணைஞ்ச பெருமாள் இருந்த காலத்துலயே ஆரம்பிச்சது. அவுக சொல்லுவாக, 'உன்னைய போலீஸ்ல சேத்திருந்தா ஜெயிலு பத்தாதுட்டி'ன்னு.

இப்பம் நாகர்கோவிலுக்கு எதுக்குப் போறேன்னு கேக்கியா? என் பேத்தி நித்யகல்யாணி அங்கன ஒரு ஆஸ்பத்திரி லேப்ல வேலை பாக்கா, ஹாஸ்டல்ல இருக்கா. என் போனை எடுக்க மாட்டேங்கா. அவ அப்பன் கூப்பிட்டா எடுக்கா, அம்மை கூப்பிட்டா எடுக்கா, நான் கூப்பிட்டா மணி அடிச்சு அடிச்சு ஓயுது. பொறந்ததுல இருந்து என் பக்கத்துலதான் படுத்தா அவ. அதான் முறுக்கைச் சுட்டு எடுத்துக்கிட்டு நேர்லயே கெளம்பிட்டேன். இது எல்லாத்துக்கும் காரணம் ஒரு கம்ப்யூட்டரு. இல்ல, கம்ப்யூட்டரை வச்சு எவனோ செஞ்ச வேலை. யாருன்னு இன்னும் பிடிபடல. பிடிச்சிருவேன்.

விசாரிக்கிறதுன்னா எப்பிடின்னு நினைக்க? வீட்டுக்குள்ள போகவே கூடாது. வீட்டுக்குள்ள போனா காப்பி குடுப்பாவ, காப்பியைக் குடிச்சிட்டா நாக்கு அவுக பக்கம் சாஞ்சிரும். தெருமுனைக் கடையில நிக்கணும். 'இந்தப் பேர்ல இங்கன ஒரு வீடு இருக்காமே, எப்பிடி ஆளுக?'ன்னு சும்மா கேக்கணும். கேட்டுட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி திரும்பி வந்துரணும். நீ யாரு, எதுக்குக் கேட்ட, ஒரு குஞ்சுக்கும் தெரியக் கூடாது.

சுரண்டையில ஒரு துபாய் இன்ஜினியரு. ராசா மாதிரி இருந்தான். பொண்ணு வீட்டுல மண்டபமே பாத்துட்டாவ. நான் போயி அந்தத் தெரு இஸ்திரிக்காரர்ட்ட நின்னு பேச்சுக் குடுத்தேன். 'அந்த வீட்டுலயா ஆச்சி, பாவம், அந்தக் கவுனுக்கு மடிப்பு எடுக்கதுதான் கஷ்டம்'னாரு. எந்தக் கவுனுன்னேன். சின்னப் பிள்ளை கவுன் ஒண்ணு மூட்டையோட வருதாம். கல்யாணம் ஆகாத பய வீட்டுல சின்னப் பிள்ளை கவுனுக்கு என்னம்மா சோலி? தோண்டிப் பாத்தா சிவகாசியில பொண்டாட்டி, பிள்ளை, எல்லாம் இருக்கு. அந்தப் பொண்ணு இப்பம் வேற எடத்துல நல்லா இருக்கா. தீபாவளிக்குத் தீபாவளி எனக்கு சேலை வரும். என் சந்தேகத்துக்கு வந்த சேலை அது.

அதுனால ஒருக்கா விசாரிச்சுட்டா எனக்கு அது கல்வெட்டு. ஆலங்குளத்துல ஒரு வீடு இருக்கு. மாமியாக்காரி மூத்த மருமகளை அடிச்சுத் தொரத்துனவ. இப்பம் அந்த வீட்டுப் பேரனுக்குப் பொண்ணு கேட்டு வாராவ. 'அந்த வீடா? வேண்டாம்'னுட்டேன். 'ஆச்சி, அந்த அம்மா செத்தே ரொம்ப வருஷம் ஆச்சு, இப்பம் இருக்கவங்க தங்கமான ஆளுங்க, ஒருக்கா போய்க் கேட்டுட்டுத்தான் வாங்களேன்'னு ஆபீஸ்ல சொல்லுதாவ. செத்தா என்ன, வீடு அதே வீடுதானே? சுண்ணாம்பு அடிச்சா மாறிருமா?

எங்க விட்டேன்? ஆமா, கம்ப்யூட்டரு.

முன்னால எல்லாம் ஜாதகம் கையில வரும், கையில போவும். இப்பம் பிள்ளைக பெங்களூரு, ஓசூரு, அமெரிக்கான்னு கெடக்கு, எல்லாம் மெயில்லதான். அதுலயும் ஒரு தடவை தகராறு. பொண்ணு வீட்டுல 'சரின்னோம்'ங்கான், மாப்பிள்ளை வீட்டுல 'சொல்லவே இல்லை'ங்கான், மண்டபத்து வாசல்ல வேட்டியைப் பிடிச்சு இழுக்கான். அதுல இருந்து சங்கத்துல ஒரு விதி போட்டாவ. சரியோ, இல்லையோ, சங்கத்து மெயில்லதான் போவணும். அதுவரைக்கும் ரெண்டு வீடும் நேரா பேசிக்கிடக் கூடாது. அதுக்குன்னு சங்கத்துக்கே தனியா ஒரு மெயில் கம்ப்யூட்டரு. செயலாளர் மீனாட்சிசுந்தரம் அண்ணாச்சிக்கு, மெயில் விலாசத்துக் கடைசியில சங்கத்துப் பேரு வரணும்னு ஆசை. அதைப் பாத்துக்கிட ஜெபராணின்னு பாளையங்கோட்டைக்காரி ஒருத்தி வாரா. என் மக வயசு இருக்கும். வேலை சுத்தமாத்தான் இருக்கு. ஆனா ரொம்பப் பேச மாட்டா. ரொம்பப் பேசாதவங்களை நான் லேசுல நம்புறதில்ல.

அவதான் எனக்கு அந்தக் கம்ப்யூட்டரோட வழக்கத்தைச் சொன்னா. ஒருத்தர் பேருக்கு மெயில் போகணும்னா அது உடனே அனுப்பிராதாம். முதல்ல அந்த ஆளோட கம்ப்யூட்டரு வாசல்ல போயி, 'இந்தப் பேர்ல உங்கள்ட்ட ஒரு ஆள் இருக்காவளா'ன்னு கேக்குமாம். இருக்காவன்னு சொன்னா சரின்னு திரும்பி வந்துருமாம். கடுதாசியைக் குடுக்காது, விஷயத்தைச் சொல்லாது. அப்புறம் வந்துதான் நிஜ மெயிலை அனுப்புமாம். எனக்கு அப்பிடியே புல்லரிச்சுட்டு. 'ஏட்டி, இது நம்ம ஆளுல்லா'ன்னேன். முதல் தடவையா அந்த மிஷினுக்கு ஒரு பொட்டு வச்சேன்.

ஆனா அதுலயும் ஒரு வில்லங்கம். தடவைக்குத் தடவை போய் வாசல்ல நின்னு கேட்டா, எதிர்ல இருக்கவன் சந்தேகப்படுதானாம். களவாணிப் பயலுகளும் எவன் இருக்கான், எவன் இல்லைன்னு இப்பிடித்தான் கேட்டுப் பாப்பானுகளாம். நியாயந்தானே, நான்னாலும் சந்தேகப்படுவேன். அதுனால ஒருக்கா கேட்ட பதிலை நம்ம கம்ப்யூட்டரு ஞாபகம் வச்சுக்கிடும், அடுத்த தடவை போகாது, ஞாபகத்துல இருந்தே பதில் சொல்லும்னா. எத்தனை நாள் ஞாபகம் வைக்கணும்னு நம்மதான் சொல்லணுமாம். அதுக்கு ஒரு கமிட்டிக் கூட்டம்.

ஜெபராணி சொன்னா: 'இருக்காங்கன்னு வந்த பதிலை ரொம்ப நாள் வச்சுக்கலாம். இல்லைன்னு வந்த பதிலை மட்டும் சீக்கிரமா மறந்துட்டு திரும்பப் போய்க் கேக்கணும். இன்னைக்கு இல்லாத ஆள் நாளைக்கு வரலாம்லா?'

எப்பிடி இருக்கு பாரு கதை. நான் எந்திரிச்சுட்டேன். 'இன்னைக்கு இல்லாதவன் நாளைக்கு எங்க இருந்து குதிப்பான்? இருக்காவன்னு சொன்னதைத்தான் சந்தேகப்படணும். இல்லைன்னு சொல்லிட்டா இல்லைதான். அதைப் போயி திருப்பித் திருப்பி எதுக்குக் கேக்கணும், நமக்கு மானம் மரியாதை கெடையாதா? வருஷக் கணக்குல வச்சுக்கிடச் சொல்லு'ன்னேன். அண்ணாச்சி, 'உலகம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும், அப்பிடியே போட்டுரும்மா'ன்னாரு. ஜெபராணி என்னமோ முணங்கிட்டுப் போட்டா. அன்னைக்கு எல்லாரும் கை தட்டுனாவ. பெருமைக்குச் சொல்லல.

வெள்ளரிக்காய் வேணுமா? நாங்குனேரி வந்துட்டு. வேண்டாம், வாங்காத, உப்புத் தண்ணியில முக்கி வச்சிருப்பான், எந்தத் தண்ணியோ.

பொறவுதான் வள்ளியூர்ல இருந்து ஒரு வரன் வந்துது கல்யாணிக்கு. பையன் பேரு குமரகுரு. ஓசூர்ல கூட்டாளிகளோட சேந்து புதுசா ஒரு கம்பெனி ஆரம்பிச்சிருக்கான், மிஷின் ரிப்பேர் பாக்குறது. அவன் அப்பா ஜாதகத்தைக் கையில கொண்டு வந்தாரு. 'எல்லாம் பையன் முடிவுதான், அவன் கம்பெனி மெயிலுக்குப் போட்டுருங்க'ன்னு விலாசத்தைப் பதிஞ்சுட்டுப் போனாரு. புது விலாசம்னு அன்னைக்கே நம்ம கம்ப்யூட்டரு போய்க் கேட்டிருக்கு. அப்படி ஒரு ஆள் இல்லைன்னு பதில் வந்திருக்கு. அது எங்களுக்கு அப்பம் தெரியாது, அதுபாட்டுக்கு மனசுல வச்சுக்கிட்டு.

வள்ளியூர்ல போய் விசாரிச்சேன். கடைக்காரரு நல்ல குடும்பம்னாரு. பூக்காரி நல்ல குடும்பம்னா. இஸ்திரிக்காரரு, பால்காரரு, எல்லாம் அதே பாட்டு. ஒரு தெரு பூராவும் ஒரே மாதிரி சொன்னா என்ன அர்த்தம்? சொல்லிக் குடுத்திருக்கான்னு அர்த்தம். நகை வேண்டாம், சீரு வேண்டாம்னு வேற சொல்லுதாவ. வேண்டாம்னு சொல்லுதவனைத்தான் முதல்ல கவனிக்கணும்.

காசி விஸ்வநாதர் கோயில்ல வச்சுப் பொண்ணு பாத்தாவ. நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்னேன். ரெண்டும் பிரகாரத்துல கொஞ்ச நேரம் பேசிட்டு வந்துதுக. கல்யாணி மூஞ்சியைப் பாத்தேன். அவ மூஞ்சி எனக்குத் தெரியாதா? மூக்குல வேர்த்திருந்துது. 'என்னட்டி'ன்னேன். 'அவர் செருப்பு போட்டிருந்த எடத்தை மறந்துட்டாரு ஆச்சி, தேடிக்கிட்டு நிக்காரு'ன்னு சிரிக்கா. அவ அப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. வீட்டுக்கு வந்ததும், 'சரின்னு அனுப்பிருங்க ஆச்சி'ன்னா.

சரின்னு சங்கத்து மெயில்ல அனுப்புனோம். அடுத்த நிமிஷம் திரும்பி வந்துட்டு. அப்படி ஒரு ஆள் இல்லை.

எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? நான் நெனச்சேன்லா! சொந்தக் கம்பெனியிலயே அவன் இல்லைன்னா அவன் யாரு? 'இன்னொருக்கா அனுப்புங்க ஆச்சி'ன்னா கல்யாணி. அனுப்புனோம். வந்துட்டு. மறுநாள் அனுப்புனோம், வந்துட்டு. அடுத்த வாரம் அனுப்புனோம், அதே பதிலு. இத்தனை தடவை ஒரே பதில் சொல்லுதுன்னா மிஷினா பொய் சொல்லும்? 'பாத்தியாட்டி, தடவைக்குத் தடவை போய்க் கேட்டுட்டு வந்து சொல்லுது, ஆளே இல்லை'ன்னேன்.

'ஆச்சி, அவங்க அப்பா நம்பர் சங்கத்துல இருக்குல்லா, ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்'னா. பொண்ணு வீட்டுக்காரவ நம்ம வலியப் போயி போன் போட்டா எவ்வளவு எளக்காரம்? விதி வேற இருக்கு. 'இல்லைன்னா இல்லைதான், திருப்பித் திருப்பி என்ன கேள்வி'ன்னேன். அதுக்கப்புறம் அவ கேக்கல. ஆனா சோறு கொறைஞ்சுது. ராத்திரி பக்கத்துல படுத்திருப்பா, மூச்சு தூங்குத மூச்சா இருக்காது. எனக்குத் தெரியும்லா.

ரொம்ப நாள் கழிச்சு ஒரு நாள், எனக்குத் தெரியாம ஜெபராணிகிட்ட போயிருக்கா. நான் ஆபீசுக்குள்ள நொழையுதேன், ரெண்டும் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருக்கு. என்னைக் கண்டதும் பேச்சு நின்னுட்டு. 'என்ன ரகசியம்'னேன்.

ஜெபராணிதான் சொன்னா: 'ஒண்ணும் இல்ல ஆச்சி. நம்ம கம்ப்யூட்டர் முதல் நாள் ஒரு தடவைதான் போய்க் கேட்டிருக்கு. அன்னைக்கு அவர் கம்பெனியில மெயிலுக்கு இன்னும் பேரே போட்டு முடிக்கல. அதான் இல்லைன்னு வந்திருக்கு. அதுக்கப்புறம் இது போகவே இல்ல. நீங்க அனுப்ப அனுப்ப, ஞாபகத்துல இருந்த பழைய பதிலையே எடுத்து எடுத்து நீட்டியிருக்கு.'

'போகாமலே போன மாதிரி சொல்லுச்சா? அப்பம் அது களவாணிதானே? யாரு அதை அப்பிடி வச்சது?'ன்னேன்.

ஜெபராணி என்னைப் பாத்தா. அண்ணாச்சி அந்தப் பக்கம் உக்காந்திருந்தாரு, அவரைப் பாத்தா. அவரு காலண்டரைப் பாத்தாரு. அப்பம்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. இதுக என்னமோ மறைக்குதுக! அண்ணாச்சி மச்சினனுக்கு ஒரு பையன் இருக்கான், கல்யாணியைக் கேட்டு ஏற்கெனவே ஒருக்கா வந்து நான் வேண்டாம்னு சொன்னது. முடிச்சு எங்க இருந்து எங்க போகுதுன்னு பாத்தியா?

ஜெபராணி அந்தப் பழைய பதிலை அழிச்சுட்டு, திரும்பப் போய்க் கேக்கச் சொன்னா. கண்ணைச் சிமிட்டுத நேரம்தான். ஆள் இருக்குன்னு வந்துட்டு. கல்யாணி நெஞ்சுல கையை வச்சுக்கிட்டா. சரின்னு அவளே அடிச்சு அனுப்புனா.

மறுநாளு பதில் வந்துது. நல்ல பிள்ளையாத்தான் எழுதியிருந்தான், அதையும் சொல்லணும்லா. உங்ககிட்ட இருந்து பதிலே வரல, விருப்பம் இல்லைன்னு நெனச்சுக்கிட்டோம், எனக்கு வேற எடத்துல நிச்சயம் ஆயிட்டு, நல்லா இருங்கன்னு. கடைசியில, அன்னைக்கு செருப்பு கெடைச்சுட்டுன்னும் எழுதியிருந்தான்.

கல்யாணி ஒரு சொட்டு அழல. அழுதிருந்தா தேவலை. 'ஒரு போன் போட்டிருக்கலாம்லா ஆச்சி'ன்னா. அவ்வளவுதான். நாகர்கோவில்ல வேலைன்னு பெட்டியைக் கட்டிட்டா. 'ஏட்டி, ஆச்சியை விட்டுட்டுப் போகணுமாட்டி, தென்காசியில இல்லாத ஆஸ்பத்திரியா'ன்னு கேட்டேன். பெட்டியைத் தூக்கிட்டு நடந்துட்டா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிக் கேட்டேன். படியில நின்னுக்கிட்டுச் சொல்லுதா: 'ஒருக்கா சொல்லியாச்சுல்லா ஆச்சி. இல்லைன்னா இல்லைதான். திருப்பித் திருப்பிக் கேக்காதிய.'

இந்தப் பேச்சை எங்க போய்ப் படிச்சாளோ. எங்க வீட்டுல ஒருத்தரும் அப்பிடிப் பேச மாட்டோம். ஜெபராணிதான் சொல்லிக் குடுத்திருப்பா.

இதோ வள்ளியூர் வந்துட்டு. அந்தா, அந்த மண்டபம் பக்கத்துல ஒரு பிளக்ஸ் போர்டு தெரியுது பாரு. எனக்குக் கண்ணாடி இல்லாமலே தெரியுது. குமரகுரு. ஆமா, அவனேதான். மாலையும் கழுத்துமா ஆள் உயரத்துக்கு நிக்கான், பக்கத்துல ஒரு பொண்ணு. இந்த வாரமா? படி, படி. ம்.

போட்டோவுல யாரை வேணும்னாலும் போடலாம்மா. இப்பம் அதுக்கெல்லாம் கம்ப்யூட்டரு இருக்கு.

நல்லாத்தான் சிரிக்கான்.

என்ன பின்னாடி சத்தம்? நீலச் சட்டைக்காரனா? வள்ளியூர்ல இறங்கணுமாமா? தூங்கிட்டானாமா? கண்டக்டர்ட்ட கத்துதான் பாரு, எழுப்பியிருக்கக் கூடாதான்னு. நடிக்கான். போகட்டும், பையைப் பிடிச்சுக்கோ.

ஏம்மா, நீ ஒரு காரியம் செய்வியா? உன் போன்ல பேலன்ஸ் இருக்குல்லா? நான் நம்பர் சொல்லுதேன், அடி. என் நம்பர்ல கூப்பிட்டா எடுக்க மாட்டா, உன் நம்பர் அவளுக்குத் தெரியாது. என் பேரைச் சொல்லிராத. பக்கத்துல இருக்கேன்னு சொல்லிராத. எடுத்தான்னா 'நித்யகல்யாணியா'ன்னு மட்டும் கேளு. ஆமான்னு சொன்னா வச்சிரு. வேற ஒண்ணும் வேண்டாம், ஆள் இருக்கான்னு தெரிஞ்சா போதும். போனை இந்தப் பக்கம் சாச்சுப் பிடி, குரல் எனக்கும் கேக்கட்டும்.

அடிக்குதா? நல்லா அடிக்குதா?

எடுக்கலையா?

முழுசா அடிச்சுதா, நடுவுல நின்னுதா? முழுசாவா. அப்பம் கட் பண்ணல. வேலையில இருப்பா, கையில உறை மாட்டியிருப்பா. ரத்தம் எடுக்குத எடம்லா, உறையோட போனை எடுக்க முடியுமா? போனை மேசையில வச்சிட்டுக் கூட உள்ள போயிருப்பா.

உள்ள வைக்காத. போனை ஏன் பையில போடுத?

கொஞ்சம் பொறுத்து இன்னொருக்கா அடி தாயி. இப்பம் எடுக்கலைன்னா எப்பவுமே எடுக்க மாட்டான்னு யாரு சொன்னா? பணகுடி தாண்டுனதும் அடி. ஆரல்வாய்மொழியில ஒருக்கா அடி. வடசேரி வரதுக்குள்ள எடுத்திருவா.